கை பழகினால் காசு யாருக்கு?

ஒரு டெய்லரிடம் போகிறீர்கள். பள்ளிக்கூடச் சீருடை, மொத்தம் 200 சட்டை. புது மாடல். காலரில் ஒரு பட்டி, தோளில் ஒரு பட்டன், பாக்கெட்டில் எம்பிராய்டரி. டெய்லர் இதுவரை அப்படி ஒன்றைத் தைத்ததே கிடையாது. முதல் சட்டைக்கு ஒரு நாள் முழுக்க ஆகிறது. வெட்டினது கோணல். பிரித்து மறுபடி தைக்கிறார். பத்தாவது சட்டை அரை நாளில் முடிகிறது. ஐம்பதாவது சட்டைக்கு வரும்போது கை பாட்டுக்குத் தைக்கிறது, வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசுகிறது.

இப்போது கேள்வி. கூலியை எந்தச் சட்டையை வைத்துப் பேசினீர்கள்?

முதல் சட்டையை வைத்துப் பேசியிருந்தால், போச்சு, உங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார். ஐம்பதாவது சட்டையை வைத்துப் பேசியிருந்தால் அவர் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நியாயம் நடுவில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று அவருக்கு ஓரளவு தெரியும், சொல்ல மாட்டார். உங்களுக்குத் தெரியாது, தையல் மெஷினில் உட்கார்ந்ததில்லை.

சட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ராணுவ விமானத்தை வையுங்கள். டெய்லர் இடத்தில் லாக்ஹீட். உங்கள் இடத்தில் அமெரிக்க அரசாங்கம். கூடவே ஒரு சங்கடம். பாதித் துணி வெட்டிய பிறகு வேறு டெய்லரிடம் போக முடியாது. ஊரிலேயே மொத்தம் இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள்.

இந்தப் பேரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு உலக யுத்தம் இருக்கிறது, உண்மையைச் சொன்னதற்காக வேலையைத் தொலைத்த ஒரு மனிதர் இருக்கிறார். அவரைப் பிறகு சந்திப்போம். முதலில் கணக்கு.

தியோடர் பால் ரைட். விமானம், ரைட் என்றதும் நீங்கள் நினைக்கும் சகோதரர்களுக்கும் இவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் அந்தச் சகோதரர்களின் பெயரைப் பாதி சுமந்த கர்ட்டிஸ்-ரைட் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். இவருக்கும் இரண்டு புகழ்பெற்ற அண்ணன்கள் உண்டு. ஒருவர் மரபியல் மேதை சீவல் ரைட். இன்னொருவர் சர்வதேசச் சட்ட அறிஞர் குவின்ஸி ரைட். ஒரே வீட்டில் மூன்று பேர். என்ன சாப்பிட்டு வளர்ந்தார்களோ.

விமானம் கட்டுகிற இடத்தில் இருந்துகொண்டு, எந்த விமானத்துக்கு எத்தனை மணி நேர உழைப்பு பிடிக்கிறது என்று 1922-லிருந்தே ரைட் குறித்துக்கொண்டு வந்தார். 1936-ல் அதை ஒரு கட்டுரையாகப் பிரசுரித்தார். அதன் சாரம் ஒரே வரி. மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு 100-லிருந்து 80 ஆகக் குறைகிறது.

பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான். முதல் விமானத்துக்கு 1,00,000 மணி நேர உழைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுக்கு 80,000. நாலாவதுக்கு 64,000. எட்டாவதுக்கு 51,200. இப்படியே போனால் 16-வது 40,960. 32-வது 32,768. 64-வது 26,214. 128-வது விமானம் 20,972 மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் விமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இதைக் காகிதத்தில் வரைந்தால் முதலில் மடமடவென்று இறங்கி, அப்புறம் சோம்பலாகப் படுத்துக்கொள்ளும் ஒரு கோடு வரும். லேர்னிங் கர்வ் என்பது அதன் பெயர். கற்றல் வளைகோடு. தொழிலாளியின் கைப்பழக்கத்தோடு மேஸ்திரியின் திட்டமிடல், புதுக் கருவி, நேரத்துக்கு வந்து சேரும் உதிரி பாகம் எல்லாவற்றையும் சேர்த்து, மொத்தச் செலவுக்கே ஒரு கோடு வரைந்தால் அதை அனுபவ வளைகோடு என்கிறார்கள். 1960-களில் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் இந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே உலகம் முழுக்கக் கம்பெனிகளுக்கு ஆலோசனை விற்றது. இரண்டும் பங்காளிகள்தான். இந்தக் கட்டுரைக்கு 'கோடு' என்றே சொல்லிவிடுவோம்.

ரைட் அந்தக் கட்டுரையை எழுதும்போது அவர் மனசில் குண்டு போடும் விமானம் எதுவும் இல்லை. நிறையச் செய்தால் விமானத்தின் விலை எவ்வளவு இறங்கும், கார் மாதிரி குடும்பஸ்தர்கள் வாங்கும் விலைக்கு வருமா என்பது அந்த நாளில் அமெரிக்காவில் ஒரு கனவாக இருந்தது. ஆளுக்கொரு விமானம். கனவு கனவாகவே நின்றுவிட்டது. கோட்டை யுத்தம் எடுத்துக்கொண்டது.

1940 மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வருஷத்துக்கு 50,000 விமானம் வேண்டும் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். நாலே வருஷத்தில், 1944-ல் மட்டும் அமெரிக்கா 96,000-க்கும் அதிகமான விமானங்களைச் செய்து தள்ளியது. வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு கட்டிய தொழிற்சாலை ஆரம்பத்தில் தட்டுத் தடுமாறியது. ஜனங்கள் அதன் பெயரையே திருப்பிப்போட்டு, 'வில் இட் ரன்?' ஓடுமா ஓடாதா என்று கிண்டலடித்தார்கள். 1944-ல் அதே இடத்திலிருந்து மணிக்கு ஒன்று என்ற கணக்கில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் வெளியே வந்தன. மொத்தம் 8,685.

கப்பல்களிலும் இதே கதை. லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களில் முதலாவதான பேட்ரிக் ஹென்றியைக் கட்டி முடிக்க 244 நாள் ஆனது. 1942 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலை 5 நாள்கூட ஆவதற்குள் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். அது விளம்பரத்துக்காக, எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு நடத்திய சாகசம். அதை விடுங்கள். சாதாரணக் கப்பலே இரண்டு மாதத்துக்குள் முடிய ஆரம்பித்துவிட்டது.

நல்லதுதானே? நல்லதுதான். விலை விஷயத்தில்தான் பூதம் கிளம்பியது.

யுத்தத்தின் ஆரம்பத்தில் இந்த அளவு எண்ணிக்கையில் எதையும் யாரும் செய்து பார்த்ததில்லை. ஒரு விமான உதிரி பாகத்துக்கு நியாயமான விலை என்ன? அரசுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. குத்துமதிப்பாக ஒரு விலையைப் போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் செய்யச் செய்யச் செலவு சரசரவென்று இறங்கியது. விலை போட்ட இடத்திலேயே நின்றது. நடுவில் விழுந்த இடைவெளி முழுக்க லாபம்.

கிளீவ்லாண்டில் ஜாக் அண்ட் ஹெய்ன்ட்ஸ் என்று ஒரு கம்பெனி. விமான இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் தயாரித்தது. 1942 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று அதன் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. அள்ளி அள்ளி போனஸ் கொடுத்திருந்தார்கள். முதலாளியின் பெண் செயலாளருக்கு 1941-ல் கிடைத்தது 39,000 டாலருக்கு மேல். அப்போது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வருஷச் சம்பளமே 10,000 டாலர்தான். கேள்வி கேட்ட உறுப்பினர்களுக்கு வயிறு எரிந்திருக்காதா? இத்தனைக்கும் அது மோசமான கம்பெனி இல்லை. தொழிலாளிகளுக்கு இலவசச் சாப்பாடு, வேலை நேரத்தில் பாட்டு என்று ராஜ உபசாரம் செய்த இடம். சரக்கும் நல்ல சரக்கு. கோடு இறங்கிய காசு அவர்கள் மடியில் வந்து விழுந்தது, அவர்களுக்குத் தெரிந்த விதத்தில் செலவழித்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எல்லையில் பையன்கள் செத்துக்கொண்டிருக்கும்போது பத்திரிகைகள் சும்மா விடுமா? ஒரே மாதத்தில், 1942 ஏப்ரலில், மறுபேச்சுவார்த்தைச் சட்டம் வந்தது. கையெழுத்தான காண்ட்ராக்டாகவே இருந்தாலும், லாபம் அளவுக்கு மீறிப் போனால் அரசு மறுபடி உட்கார்ந்து பேசி, மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். டெய்லரிடம் ஐம்பதாவது சட்டை முடிந்ததும் போய், 'அண்ணே, கணக்கைக் கொஞ்சம் திரும்பப் பார்ப்போமா' என்று கேட்கிற அதிகாரம். கொரிய யுத்த சமயத்தில் 1951-ல் இதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். கம்பெனிகளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. 1979-ல் கலைத்துவிட்டார்கள்.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்திடம் மலைபோல் புள்ளிவிவரம் இருந்தது. எந்தத் தொழிற்சாலை, எந்த விமானம், எத்தனை மணி நேரம். ராண்ட் நிறுவனத்தில் ஆர்மென் ஆல்ச்சியன் என்ற பொருளாதார நிபுணர் அதை அலசினார். இவர் ஒரு சுவாரஸ்யமான பேர்வழி. பங்குச் சந்தையில் எந்தக் கம்பெனியின் விலை ஏறுகிறது என்று பார்த்தே, ஹைட்ரஜன் குண்டில் லித்தியம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மேலிடம் பதறிப்போய் அந்தக் குறிப்பை வாங்கிக் கொளுத்தியது! கோடு விஷயத்தில் அவர் கண்டது வேறு. கோடு என்று ஒன்று இருப்பது நிஜம். ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அதன் சரிவு வேறு வேறு. சராசரிக் கோட்டை வைத்து வருங்காலத்தைக் கணித்தால் சராசரியாக 25 சதவிகிதம் தப்பாகப் போகிறது. 1950 வாக்கில் எழுதிய இந்த ஆய்வு, ரகசிய முத்திரை விலகி ஊர் கண்ணில் பட்டது 1963-ல்தான்.

25 சதவிகிதம் தப்பு என்பது ஒரு பொருளாதார நிபுணருக்குப் பிழை. வியாபாரிக்கு? பேரம் பேசக் கிடைத்த இடம்.

ஏன் என்று பாருங்கள். மேலே நாம் போட்ட கணக்கில் 100, 80 ஆகிறது என்று வைத்தோம். கம்பெனிக்காரர் வந்து, 'சார், இது சிக்கலான விமானம், 80 எல்லாம் வராது, 85 தான் வரும்' என்கிறார். கேட்க என்னவோ சாதாரணமாக இருக்கிறது. அஞ்சுதானே, போனால் போகிறது என்று தலையாட்டிவிடத் தோன்றும். போட்டுப் பாருங்கள். 128-வது விமானத்துக்கு 20,972 மணி நேரம் என்று வந்தது, இப்போது 32,058 ஆகிவிடும். பாதிக்கு மேல் கூடுதல். நிஜத்தில் தொழிற்சாலை 80-லேயே இறங்கினால், வித்தியாசம் கம்பெனியின் பையில்.

இன்னொரு வழி இதைவிட அழகானது. சரிவில் கையே வைக்க வேண்டாம். முதல் விமானத்தின் மணி நேரத்தைக் கொஞ்சம் ஊதிவிட்டால் போதும். அடுத்து வரும் ஒவ்வொரு விமானமும் அதிலிருந்துதானே கணக்கிடப்படுகிறது? ஊற்றுக்கண்ணில் உப்பைப் போட்ட மாதிரி, ஆறு முழுக்கக் கரிக்கும்.

மூன்றாவது வழி, பாதியில் டிசைனை மாற்றுவது. வாடிக்கையாளரே கேட்டு மாற்றினால் இன்னும் உத்தமம். சட்டைக் காலரை மாற்றினால் டெய்லரின் கை மறுபடி தடுமாறும். கோடு மறுபடி மேலே ஏறும். விலையும் மறுபடி பேசப்படும். மனசறிந்து குறைந்த விலை சொல்லி ஆர்டரைப் பிடிப்பது, பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் தீட்டி நஷ்டத்தை மீட்பது என்பது அமெரிக்க ராணுவ வியாபாரத்தில் ஊரறிந்த ரகசியம்.

இதையெல்லாம் தடுக்கத்தான் 1962-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பேரத்தின்போது உண்மையான செலவு விவரங்களைக் கம்பெனி எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதற்குக் கிடைப்பது, போன தடவை என்ன செலவானது என்ற விவரம். போன தடவை நடந்த ஊதாரித்தனமும் அதில் செலவு என்ற பெயரில் கௌரவமாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் கோட்டை வரைந்தால் ஊதாரித்தனமும் சேர்ந்து சாஸ்திரமாகிவிடுகிறது.

இதைச் சொல்லிச் சொல்லியே மேலதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர்தான் நான் முதலில் சொன்ன மனிதர். ஏர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு. அலபாமாக்காரர். தொழிற்சாலை இன்ஜினீயர். 1965-ல் அமெரிக்க விமானப்படைத் தலைமையகத்தில் செலவுக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் பதவிக்கு வந்தார். எவ்வளவு செலவானது என்று கேட்காதே, ஒழுங்காகச் செய்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்க வேண்டும் என்று கேள். இது அவருடைய கட்சி.

அவர் வந்த அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் லாக்ஹீட் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. சி-5ஏ. டாங்கிகளையே வயிற்றில் போட்டுக்கொண்டு பறக்கும் ராட்சச சரக்கு விமானம். விமானப்படையின் தேர்வுக் குழு போயிங்கைத்தான் சிபாரிசு செய்தது. லாக்ஹீட் சொன்ன விலை 190 கோடி டாலர், போயிங்கைவிடச் சுமார் 40 கோடி குறைவு. விலைதான் ஜெயித்தது.

இந்த காண்ட்ராக்டை வடிவமைத்தவர் விமானப்படையின் துணைச் செயலாளர்களில் ஒருவரான ராபர்ட் சார்ல்ஸ். அவர் திட்டம் கேட்கப் பிரமாதமாக இருக்கும். டிசைன், சோதனை, தயாரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே ஒரே விலை. குறைத்துச் சொல்லி உள்ளே நுழைந்து பிறகு தீட்டுகிற வேலையே நடக்காது என்றார். முதல் தவணை 58 விமானம். இரண்டாம் தவணை 57. இரண்டாவதற்கும் விலை முதலிலேயே பேசியாகிவிட்டது.

ஆனால் காண்ட்ராக்டுக்குள் ஒரு சூத்திரம் உட்கார்ந்திருந்தது.

முதல் 58 விமானங்களின் நிஜச் செலவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிப் போனால், இரண்டாம் தவணை 57 விமானங்களின் விலையும் அதற்கேற்ப உயரும். உயர்வது என்றால் ஒன்றுக்கு ஒன்று இல்லை. எல்லைக்கு மேல் முதல் தவணையில் ஒரு டாலர் கூடினால் இரண்டாம் தவணையில் அதைவிட அதிகமாகவே கூடும். சார்ல்ஸ் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. யாரும் எதிர்பாராத சிக்கல் வந்து கம்பெனியே கவிழ்ந்துவிட்டால் விமானம் யார் கொடுப்பார்கள்? அதற்கு ஒரு பாதுகாப்பு என்றார்கள்.

டெய்லர் பாஷையில் பார்ப்போமா? 'முதல் நூறு சட்டையில் எனக்குக் கை பழகவில்லை என்றால், அடுத்த நூறு சட்டைக்கு நீங்கள் எனக்கு அதிகம் தர வேண்டும்.' ரைட் போட்ட கோட்டை அப்படியே தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி. கற்றுக்கொண்டால் லாபம் என்றிருந்த இடத்தில், கற்றுக்கொள்ளாமல் இருந்தாலும் நஷ்டமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

1968 நவம்பர் 13. செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மையரின் துணைக் கமிட்டி. ஃபிட்ஸ்ஜெரால்டு சாட்சி சொல்ல வந்தார். எழுதித் தயாரித்த அறிக்கை கொண்டுவரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. வெறும் கையோடு வந்தார். சி-5ஏ திட்டத்தில் செலவு 200 கோடி டாலர் எகிறப் போகிறதாமே, உண்மையா என்று ப்ராக்ஸ்மையர் கேட்டார். மழுப்புவதற்கு ஆயிரம் வழி இருந்தது. பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லியிருக்கலாம். பிறகு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இவர், கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் போகும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

1965-ல் சுமார் 340 கோடி டாலர் என்று மதிப்பிட்ட திட்டம், 500 கோடியைத் தாண்டப் போகிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டே நாளில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் வேலை நிரந்தரமாக்கப்பட்டதாகச் சமீபத்தில் ஓர் அறிவிப்பு வந்ததல்லவா, அது கம்ப்யூட்டர் செய்த தவறு. நம்புங்கள், 1968-லேயே கம்ப்யூட்டர் மேல் பழி போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பெரிய ஆயுதத் திட்டங்களிலிருந்து அவரை விலக்கி, ராணுவக் கேன்டீன் செலவு, தாய்லாந்தில் ராணுவத்துக்காகக் கட்டிய பௌலிங் விளையாட்டுக் கூடங்களின் செலவு ஆகியவற்றை ஆராயச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து, சிக்கன நடவடிக்கை என்று காரணம் சொல்லி அந்தப் பதவியையே ஒழித்தார்கள். செலவைக் குறைக்கச் சொன்னவரை, செலவைக் குறைப்பதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விமானத்தின் கதை என்ன ஆயிற்று? சூத்திரம் வெளியே தெரிந்து நாறிய பிறகு, 1969 நவம்பரில் விமானப்படை எண்ணிக்கையை 81-ஆக வெட்டியது. எண்ணிக்கை குறைந்தது; ஆனால் மொத்தச் செலவு ஆரம்ப மதிப்பீட்டுக்கு மேலேயே நின்றது. லாக்ஹீட் தரப்பில் அவர்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள். 20 கோடி டாலர் நஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறோம், மிச்சத்தை நீங்கள் பாருங்கள் என்று 1971-ல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு என்ன செலவானாலும் அரசே கொடுக்கும் முறைக்கு காண்ட்ராக்ட் மாறியது. அதே வருஷம் ஆகஸ்டில், ட்ரைஸ்டார் பயணிகள் விமானத்தில் மாட்டிக்கொண்டு திவாலாகும் நிலையில் இருந்த அதே லாக்ஹீடுக்கு, 25 கோடி டாலர் கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் போட்டது. செனட்டில் 49-க்கு 48. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். சி-5ஏ இறக்கைகளில் விரிசல் கண்டு, 1980-களில் 77 விமானங்களுக்கு இறக்கையையே மாற்ற வேண்டி வந்தது. அந்த வேலை யாருக்குக் கிடைத்தது என்கிறீர்கள்? லாக்ஹீடுக்கு.

ஃபிட்ஸ்ஜெரால்டு விடவில்லை. வழக்கு மேல் வழக்கு. 1973 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, அவரை நீக்கும் முடிவு என்னிடம் வந்தது, நான்தான் சம்மதித்தேன் என்று ஜனாதிபதி நிக்ஸனே சொல்லிவிட்டார். மறுநாள், ஜனாதிபதி வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசிவிட்டார் என்று அவருடைய ஆட்கள் பூசி மெழுகினார்கள். அதே வருஷம் அரசுப் பணியாளர் ஆணையம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. சேர்த்தார்கள், ஆனால் பெரிய ஆயுதக் கணக்கு எதையும் கண்ணில் காட்டவில்லை. பழைய அதிகாரம் திரும்ப 1982 ஆனது. அதே 1982-ல் உச்ச நீதிமன்றம் நிக்ஸனுக்கு எதிரான அவருடைய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பதவியில் இருக்கும்போது எடுத்த அதிகாரபூர்வ முடிவுக்காக ஒரு ஜனாதிபதி மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. 5-க்கு 4. இன்றைக்கும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. அதன் வேர் ஒரு சரக்கு விமானத்தின் விலைக் கணக்கில் இருக்கிறது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ.

அவர் பயந்தது ஒரு பக்கம் நடந்தது. ரைட் சொன்னதன் மறுபக்கமும் பிறகு வேடிக்கை காட்ட ஆரம்பித்தது. எண்ணிக்கை கூடினால் விலை இறங்கும் சரி, எண்ணிக்கையை வெட்டினால்? பி-2 குண்டுவீச்சு விமானம் 132 வாங்குவதாகத் திட்டம். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கோடு, கோட்டை வைத்துத்தான் விலை. விலையைப் பார்த்து மிரண்டு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். குறைத்ததால் ஒவ்வொன்றின் விலையும் ஏறியது. ஏறியதால் இன்னும் குறைத்தார்கள். கடைசியில் வந்தது 21. ஆராய்ச்சிச் செலவையும் பங்கு போட்டால் ஒன்று 200 கோடி டாலருக்கு மேல். எஃப்-22 போர் விமானம் 750 என்று ஆரம்பித்து, படைக்குப் போனது 187. இந்தப் போக்கைப் பார்த்து, விமானக் கம்பெனி அதிகாரியாகவே இருந்த நார்மன் அகஸ்டின், 2054-ல் அமெரிக்க ராணுவ பட்ஜெட் மொத்தத்துக்கும் ஒரே ஒரு விமானம்தான் வாங்க முடியும் என்று 1980-களிலேயே கேலியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நம் ஊரிலும் இந்தக் கோடு ஒரு தடவை தலைகாட்டியது, யாரும் அதன் பெயரைச் சொல்லாமலே. 126 ரஃபேல் விமானங்களில் 108-ஐ பெங்களூர் எச்.ஏ.எல்.லில் கட்டுவதாக இருந்த பழைய பேச்சுவார்த்தை ஏன் முறிந்தது என்று 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. ஒரு விமானத்துக்கு பிரான்ஸில் ஆகும் மனித உழைப்பு நேரத்தைப்போல் 2.7 மடங்கு எச்.ஏ.எல். கேட்கிறது என்பது அதில் ஒரு காரணம். அந்த அரசியல் சண்டைக்குள் நாம் போகவேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேச்சுவார்த்தை நடந்தபோதே பிரான்ஸில் நூறு ரஃபேலுக்கு மேல் கட்டிக் கை பழகியிருந்தது. பெங்களூரில் முதல் சட்டைக்குத் துணியே வெட்டவில்லை. 2.7-ல் எவ்வளவு புதுக் கையின் தடுமாற்றம், எவ்வளவு நம்முடைய மெத்தனம்? இரண்டையும் பிரித்துக் காட்டியிருந்தால் விவாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஃபிட்ஸ்ஜெரால்டு 2006-ல் ஓய்வு பெற்றார். 2019 ஜனவரியில், 92 வயதில் காலமானார். அதே வருஷம் அக்டோபரில், இப்போது லாக்ஹீட் மார்ட்டின் என்று பெயர் மாறியிருக்கும் பழைய லாக்ஹீடும் பென்டகனும் சேர்ந்து ஒரு சந்தோஷச் செய்தி அறிவித்தார்கள். முதல் தவணையில் 22 கோடி டாலருக்கு மேல் விற்ற எஃப்-35ஏ விமானம், பதினாலாம் தவணையில் 7.79 கோடிக்குக் கிடைக்கும். ரைட் இருந்திருந்தால் குதூகலித்திருப்பார். 2022 டிசம்பரில் அடுத்த தவணைகளுக்கு விலை முடிவானபோது, 15 முதல் 17 வரையிலான தவணைகளின் சராசரி 8 கோடியைத் தாண்டி மறுபடி மேலே திரும்பியிருந்தது. விலைவாசி ஏறிவிட்டது, ஆர்டர் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது என்றார்கள். இரண்டுமே நிஜம்தான். அதற்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு என்ற கணக்குத்தாளை மட்டும் பேரம் பேசிய இரண்டு தரப்பும் ஊருக்குக் காட்டவில்லை.